ஒரு சாண் குழல்

எங்கள் தெருவில் இசையமைப்பாளர் ஹேண்டெலின் பெயரைக் கேளாமல் ஒரு பிள்ளை வளர முடியாது. லண்டனின் வடமேற்கு ஓரத்தில், கேனன்ஸ் பார்க் ரயில் நிலையத்திலிருந்து எட்ஜ்வெயர் கடைத்தெருவுக்குப் போகும் விட்ச்சர்ச் லேன் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. நாங்களும் வந்தோம். அப்பா, அம்மா, நான், பிறகு கொழும்பில் நெடுநாள் காத்திருந்து விசா கிடைத்து வந்த அம்மம்மா.

தெருவின் நடுவழியில் சென்ட் லாரன்ஸ் தேவாலயம். வெளியே நின்று பார்த்தால் ஒரு பழைய கல் கோபுரமும் அதோடு ஒட்டிய செங்கல் கட்டடமும்தான். உள்ளே போனால் சுவரிலும் கூரையிலும் ஓவியம் இல்லாத இடமே இல்லை. சுவரில் நிற்கும் சிலைகளைத் தொட்டுப் பார்த்தால்தான் அவை சிலையல்ல, வண்ணம் என்று தெரியும். கிழக்குப் பக்கம் மரச் செதுக்கல்களுக்கு நடுவே ஓர் ஆர்கன். 1716-ல் செய்தது, ஹேண்டெல் வாசித்தது என்று பள்ளிச் சுற்றுலாவில் சொன்னார்கள். பக்கத்து அறையில் அந்தக் கோயிலைத் திருப்பிக் கட்டிய பிரபுவின் நினைவுச் சின்னம்: ரோமாபுரி உடுப்பு, தலையில் பெரிய விக், இரு பக்கமும் முழந்தாளிட்ட இரண்டு மனைவிமார். பின்னால் கல்லறைத் தோட்டத்தில் வில்லியம் பவல் என்பவருக்கு ஒரு கல். அவர் ஒரு கொல்லர், அவருடைய சுத்தியல் சத்தத்தைக் கேட்டுத்தான் ஹேண்டெல் ஒரு புகழ்பெற்ற மெட்டை எழுதினார் என்பது கதை. பவல் கொல்லரே இல்லை, அந்தக் கோயிலின் எழுத்தர். ஆனாலும் நாங்கள் எல்லோரும் அந்தக் கல்லில் காதை வைத்துக் கேட்டிருக்கிறோம்.

பிரபுவின் பெயர் ஜேம்ஸ் பிரிட்ஜஸ். ஸ்பெயினின் வாரிசுரிமைக்காக ஐரோப்பா அடித்துக்கொண்ட காலத்தில் ஆங்கிலப் படைகளுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பில் இருந்து பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தில் கேனன்ஸ் என்ற மாளிகையைக் கட்டினார். 1719-ல் சான்டோஸ் கோமகன் ஆனார். அவருக்கென்று சொந்த வாத்தியக்காரர்கள், சொந்தப் பாடகர்கள். 1717-ல் லண்டனில் இத்தாலிய ஆப்பரா நின்றுபோனது. வேலை தேடிய ஹேண்டெல் இங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது.

மாளிகையைப் பார்க்க வேண்டும் என்று அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு பூங்கா முழுவதும் சுற்றினேன். இருந்தது சுவர் வைத்த ஒரு பழைய தோட்டம், புல்வெளி, மரங்கள். கோமகனின் மாளிகை நின்ற இடத்தில் வேறொருவர் பிற்பாடு கட்டிய சின்ன மாளிகை ஒரு பெண்கள் பள்ளியாக இருந்தது. கோமகன் 1720-ல் தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும் பணத்தை விட்டார். 1744-ல் இறந்தார். மகனால் கடனைச் சமாளிக்க முடியவில்லை. 1747-ல் மாளிகையையே துண்டு துண்டாக ஏலம் போட்டார்கள். மாடிப்படி ஒரு வீட்டுக்கு, சிலைகள் வேறு ஊர்களுக்கு, தனிக்கோயிலின் கண்ணாடி ஓவியங்களும் கூரைச் சித்திரங்களும் வூஸ்டர்ஷயரில் கிரேட் விட்லி என்ற ஊர்க் கோயிலுக்கு. இதை நான் வாசித்துச் சொன்னபோது அம்மம்மா புல்லில் நின்றுவிட்டா.

“கதவு நிலையையும் கழட்டிக்கொண்டு போட்டினமோ?”

“ஓம் அம்மம்மா, எல்லாம்தான்.”

“ஓடும் போயிருக்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. வடமராட்சியில் நாங்கள் விட்டுவந்த வீட்டில் ஓடும் இல்லை, நிலையும் இல்லை என்று போன கிழமைதான் கடிதம் வந்திருந்தது.

எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரெக்கோடர் சொல்லிக்கொடுத்தார்கள். வாயில் வைத்து நேராக ஊதும் குழல், பிளாஸ்டிக்கில் செய்தது, வெள்ளை நிறம். முப்பது பிள்ளைகள் சேர்ந்து ஊதினால் அம்மாக்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கு அதில் பைத்தியம். இசை ஆசிரியைக்கு அது தெரியும். அவர் மரத்தில் செய்த ரெக்கோடர்கள் பல வைத்திருந்தார், நீளமானதிலிருந்து குட்டிவரை, ஒரு துணிச்சுருளில் சொருகி. அவற்றிலேயே சின்னது ஒரு சாண் நீளம்தான் இருக்கும். துளைகள் அவ்வளவு நெருக்கம். பெரியவர்களின் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒருநாள் வகுப்பு முடிந்து அதைக் கையில் தந்தார். என் விரல்களுக்கு அது சரியாக இருந்தது. ஊதினேன். சத்தம் கூரைக்கு மேலே எங்கேயோ கேட்டது.

“இது யாருக்கு என்று தெரியுமா?” என்று கேட்டார். “ஓர் அரக்கனுக்கு.”

அந்த வருடம் அவர் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து ‘ஏசிஸும் கலாத்தேயாவும்’ நடத்தப் போகிறார் என்று அப்படித்தான் அறிந்தேன். 1718-ல் ஹேண்டெல் கேனன்ஸுக்காக எழுதியது. அதை ஆப்பரா என்பதா, வேறு பெயரில் அழைப்பதா என்று அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முடிவில்லை. அந்த வருடமே எழுதிய ஒரு கடிதத்தில் ‘சின்ன ஆப்பரா’ என்று பெயர் வருகிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். முதல்முறை மாளிகைத் தோட்டத்தின் மேடைப்படிகளில் வெட்டவெளியில் நடந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாங்கள் பந்து விளையாடிய புல்வெளியில் அது நடந்திருக்கலாம் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

என் வேலை, ஹார்ப்சிகார்டு வாசிப்பவருக்குப் பக்கம் திருப்புவது. ஒத்திகை சனிக்கிழமை காலை. சனிக்கிழமை காலைதான் தமிழ்ப் பள்ளியும். அம்மாவுக்கு மனமில்லை. “ஆனா ஆவன்னா தெரியாமல் வெள்ளைக்காரற்ர பாட்டுக்குத் தாள் பிரட்டப் போறாளாம்,” என்றா. அம்மம்மாதான் தீர்த்துவைத்தா. வெள்ளி இரவுகளில் அவவே எனக்குத் தமிழ் சொல்லித்தருவதாகவும், என்னைக் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்வருவதாகவும் பேச்சு. அப்படித்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும், கம்பளிக் கோட்டுக்குள் சேலை கட்டிய ஒரு கிழவி, தேவாலய மண்டபத்தின் பின் வாங்கில் உட்கார்ந்து ஹேண்டெல் கேட்டா. ஆங்கிலத்தில் அவவுக்கு ‘தேங்க்யூ’, ‘மில்க்’, ‘டூ மச்’ என்ற மூன்றும் தெரியும்.

ஹார்ப்சிகார்டு என்பது பியானோ அல்ல. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. இதில் ஒரு சின்ன முள் தந்தியைக் கீழிருந்து சுண்டுகிறது. விரலை எடுத்தால் முள் திரும்பி விழும் ‘கிளிக்’ சத்தம்கூடப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். மண்டபத்தில் ஹீட்டரைப் போட்டால் சுருதி கலைந்துவிடும். அதனால் ஒத்திகைக்கு முன்னும் இடைவேளையிலும் வாசிப்பவர் ஒரு சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக முறுக்குவார். அம்மம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. “சுருதி கூட்டாமல் துவங்கமாட்டினம்,” என்று அப்பாவிடம் பாராட்டிச் சொன்னா. நான் நிற்கும் இடத்தில் இருந்து பாடுகிறவர்களின் முகமும் முதுகும் இரண்டும் தெரியும். தாளின் மூலையை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு, வாசிப்பவர் தலையை அசைக்கும் கணத்துக்காகக் காத்திருப்பேன்.

கதையை அம்மம்மாவுக்கு நான்தான் சொன்னேன். இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவு, எட்னா எரிமலை, அதன் அடியில் கடல். கலாத்தேயா கடல்மகள். ஏசிஸ் ஆடு மேய்க்கும் பையன். இரண்டு பேருக்கும் காதல். எட்னாவின் குகைகளில் பொலிஃபீமஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கன். அவனுக்கும் கலாத்தேயா மேல் ஆசை. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் ஒரு பாறையைப் பெயர்த்து எறிந்து ஏசிஸைக் கொன்றுவிடுகிறான். அவள் தன் தெய்வ சக்தியால் செத்தவனை ஆறாக்கிவிடுகிறாள். இவ்வளவுதான். ரோமக் கவி ஓவிட் தன் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ நூலின் 13-ஆம் பாகத்தில் சொன்ன கதை. சிசிலியில் அந்த ஆற்றின் பேரை ஒட்டி ஏசி என்று தொடங்கும் ஊர்கள் இன்றும் உண்டு.

அம்மம்மா கேட்டுவிட்டு, “காத்தான் கூத்துப் போல,” என்றா. வடமராட்சியில் காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடுவார்கள். ஆரியமாலையைக் கட்ட ஆசைப்பட்டு, தாய் மாரியம்மன் எவ்வளவு தடுத்தும் கேளாமல், கடைசியில் கழுவேறுகிறவன் காத்தான். கதை வேறு, ஆனால் கிடைக்காததை விரும்பியவனை மேடையில் விடியும்வரை பாடவைத்துக் கேட்டுப் பழகியவ அவ. அந்தக் காது எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

பொலிஃபீமஸாகப் பாடியவர் எங்கள் தெருத் தபால்காரர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. கீழ்ச்சுருதிக் குரல், பாஸ் என்பார்கள். முதல் ஒத்திகையில் அவரைப் பார்த்ததும் அம்மம்மா என் கையைப் பிடித்து, “உது எங்கட தபால்காரன் எல்லோ!” என்றா. அவவுக்கு லண்டனில் நெருக்கமான வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணக் கடிதங்கள் அந்நாட்களில் மாதக்கணக்கில் வராது, வந்தால் மூன்று நான்கு சேர்ந்து வரும். காலையில் அம்மம்மா ஜன்னலில் நிற்பா. கடிதம் இல்லையென்றால் அவர் வாசலுக்கு வரும் முன்னரே தலையை மெல்ல ஆட்டிவிடுவார். இருந்தால் உறையை உயர்த்திக் காட்டுவார். வார்த்தை இல்லாத இந்தப் பழக்கம் இரண்டு பேருக்கும் நடுவில் வருடக்கணக்காக ஓடியது.

இந்தப் படைப்பின் முதல் பாதி முழுவதும் வெயில். மேய்ச்சல் நிலம், பறவைச் சத்தம், காதலர் ஒருவரை ஒருவர் தேடுவது, கண்டுபிடிப்பது. சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் சொல்லாத ஒரு ஜோடிப் பாட்டோடு அது முடியும். இரண்டாம் பாதி தொடங்கும்போது குழுவினர் குரல் தாழ்த்தி, ஒருவர்பின் ஒருவராக, அந்தக் காதலர்களை எச்சரிக்கிறார்கள். மெதுவான, கனத்த இசை. பிறகு வேகம் கூடுகிறது. மலை ஆடுகிறது, காடு அசைகிறது, அரக்கனின் காலடிகள் அடித்தந்திகளில் விழுகின்றன. தாள் திருப்ப வேண்டிய என் கை ஒவ்வொரு முறையும் குளிர்ந்துபோகும். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கிறான். கோபம், உருக்கம், எரிச்சல் எல்லாம் ஒரே மூச்சில். ஊன்றி வந்த பைன் மரத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் பெரிய வாய்க்கு ஏற்ற குழல் செய்ய நூறு நாணல் கொண்டுவரச் சொல்கிறான். ஓவிட்டிலும் அவனுக்கு நூறு நாணல் குழல்தான்.

நூறு நாணல் கேட்டவனுக்கு ஹேண்டெல் தந்தது எங்கள் ஆசிரியையின் அந்த ஒரு சாண் குழல். ஏட்டில் குழல் என்றுதான் இருக்கிறது. இருப்பதிலேயே சின்னதை எடுப்பது வாசிப்பவர்கள் வழக்கம்.

பாட்டு துள்ளிக்கொண்டு போகும். அவள் பழத்தைவிடச் சிவப்பு, ஆட்டுக்குட்டி போலத் துடிப்பு என்று அவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அடுக்குகிறான். அவனுக்குத் தெரிந்தது தோட்டமும் தொழுவமும்தான். கீழே, நிலத்துக்குள்ளிருந்து வருகிற குரல். மேலே, கூரையின் உச்சியில் ஒரு குருவிச் சத்தம். நடுவில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியைக் கேட்டவுடன் ஆட்கள் சிரிப்பார்கள். ஒத்திகையிலேயே சிரித்தார்கள். ஹேண்டெலும் அந்தச் சிரிப்பை வேண்டித்தான் எழுதியிருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் முதல் தடவை சிரித்தேன்.

அம்மம்மா சிரிக்கவில்லை. ஒத்திகை முடிந்து வரும் வழியில் கேட்டேன்.

“உங்களுக்குச் சிரிப்பு வரேல்லையா?”

“ஏன் பிள்ளை சிரிக்கவேணும்? அவன்ர உடம்புதான் பெரிசு. உள்ளுக்குள்ள கிடக்கிறது அந்தச் சின்னச் சத்தம்தானே.”

மறு ஒத்திகையில் குழலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அது பாட்டை வெறுமனே அலங்கரிக்கவில்லை. அவன் பாட வருமுன் அதுதான் தொடங்குகிறது. அவன் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அது தொடர்கிறது. அவன் முடித்த பிறகும் சற்று நேரம் தனியாக ஓடுகிறது. கிராமத்துக் கோமாளி என்று சிரிக்கவைக்கும் அதே ஒலி, யாரும் கேட்காத ஒருவனின் உள்மனதாகவும் கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில். நான் இன்றுவரை எத்தனையோ பதிவுகள் கேட்டிருக்கிறேன். அரக்கனை வெறும் கேலிப் பொருளாக்கிப் பாடுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பத்து வருடம் முன்னதாக, 1708-ல், நேப்பிள்ஸில் ஒரு கல்யாணத்துக்காக ஹேண்டெல் இதே கதையை இத்தாலிய மொழியில் எழுதியிருந்தார். அதில் பொலிஃபீமஸுக்குத் தந்த ஒரு பாட்டில் குரல் இரண்டு ஸ்தாயிக்கும் மேலாக ஏறி விழுகிறது, பாதாளத்துக்கும் மலை உச்சிக்கும் நடுவில். இந்த அரக்கனை அவர் மனதில் நெடுநாள் சுமந்திருக்கிறார். சும்மா சிரித்துவிட்டுப் போவதற்காக ஒருவர் ஒரு பாத்திரத்திடம் இரண்டு முறை வரமாட்டார்.

அதற்காக அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கலாத்தேயா தெளிவாகவே மறுக்கிறாள். குழந்தைகளின் உடலைத் தின்று மனித ரத்தம் குடிக்கிறவனின் குகைக்கு, அவன் விருந்துக்கு, அவள் ஏன் போக வேண்டும்? மென்மையாக நட, வற்புறுத்தினால் மனம் கிடைக்காது என்று ஒரு மேய்ப்பன் அவனுக்குப் புத்தியும் சொல்கிறான். அவன் கேட்கவில்லை. கெஞ்சுவதில் பயனில்லை, பறித்துக்கொள்வதுதான் வழி என்று முடிவு கட்டிவிட்டான். அம்மம்மாவுக்கு இந்த இடத்தை விளக்கியபோது அவவின் முகம் மாறியது. “உதுதான் பிழை,” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி நாள் அன்று மழை. மண்டபத்தில் ஈரக் கோட்டு வாசனை. வேஷம் இல்லை, திரை இல்லை. ஐந்து பாடகர்கள் வரிசையாக நிற்பார்கள், பாட வேண்டியவர் ஓர் அடி முன்னால் வருவார், முடிந்ததும் பின்னால் போவார், அவ்வளவுதான். இதில் ஆசிரியை பிடிவாதமாக இருந்தார். தனியாகப் பெரிய சேர்ந்திசைக் குழு வேண்டாம், கேனன்ஸில் எழுதியபடி ஐந்தே குரல் போதும் என்று. ஒரு பெண் குரல், மூன்று மேல்சுருதி ஆண் குரல், ஒரு கீழ்க் குரல். அவர்களே பாத்திரங்கள், அவர்களே குழு. வாத்தியங்களும் கையளவுதான்; வயலின் இரண்டு, வியோலாவே கிடையாது.

ஏசிஸும் கலாத்தேயாவும் பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்யும் இடம் வந்தது. இருவர் குரலும் ஒரே நீரோட்டத்தில் போகின்றன. அதற்குள் மூன்றாவது குரல், தபால்காரரின் குரல், வெட்டி வெட்டி நுழைகிறது. தாங்க முடியவில்லை, முடியவில்லை என்று. காதலர்கள் அவனைக் கேட்கவே இல்லை. அவர்கள் பாட்டு அவன் இல்லாதது போலவே நடக்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், ஆனால் இரண்டு பேர்தான் ஒரே பாட்டில் இருக்கிறார்கள். அந்த ஏட்டைத் திருப்ப வேண்டிய பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது எனக்கு இப்போதும் ஞாபகம். வட்டத்தைத் தாண்டியதும் பாறை. தந்திகள் சரசரவென்று ஓடின. ஏசிஸ் சில அடிகளில் இறந்துபோனான். குரல் பாதி வார்த்தையில் தேய்ந்து நின்றது.

தபால்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பின்னால் நகர்ந்து வரிசையில் தன் இடத்தில் நின்றார். அப்போது மற்றவர்கள் ஏசிஸுக்காக ஒப்பாரி தொடங்கினார்கள். அவரும் தொடங்கினார். கொன்றவனின் குரலே ஒப்பாரியின் அடியில் நின்று அதைத் தாங்கியது.

பின் வரிசையில் அம்மம்மா முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

அதன்பின் கலாத்தேயா தெளிகிறாள். அழுதுகொண்டே இருப்பதா, இல்லை தன்னால் முடிந்ததைச் செய்வதா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லும் பாட்டு. செத்தவனின் ரத்தம் நீராகிறது, பாறைக்கு அடியிலிருந்து ஊற்றாகப் புறப்படுகிறது. எங்கள் ஆசிரியை ஒரு சாண் குழலைத் துணிச்சுருளில் வைத்துவிட்டு நீளமான ரெக்கோடரை எடுத்தார். பக்கத்தில் இன்னொருவரும் எடுத்தார். இரண்டும் மெல்ல அசைந்து அசைந்து தண்ணீராயின. சற்று முன் அரக்கனின் ஆசைக்கு மூச்சுக் கொடுத்தவர்தான் இப்போது ஆற்றுக்கும் கொடுத்தார். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு அவர் கன்னங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பாட்டில் ஐவரும் கலாத்தேயாவைத் தேற்றுகிறார்கள். கலாத்தேயாவாகப் பாடியவரும் அந்தக் குழுவில் ஒருத்திதான், அரக்கனும் ஒருவன்தான். கண்ணைத் துடை, அவன் இப்போது தெய்வமாகிவிட்டான், சமவெளியில் ஓடிக்கொண்டிருக்கிறான் பார் என்று. முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மம்மா இதையே பேசினா. “கொண்டவன்தானே தேற்றுறான். அதை ஆரும் கவனிச்சவையோ?” அப்பா, அது ஆட்கள் போதாததால் வந்த ஏற்பாடு என்றார். இருக்கலாம். கோமகன் வீட்டில் பாடகர்கள் சிலர்தான் என்பதால் ஹேண்டெல் அப்படி எழுதியிருக்கலாம். 1732-ல் லண்டனில் வேறொரு கூட்டம் அனுமதி இல்லாமல் இதை மேடையேற்றியதும், ஹேண்டெல் ஆத்திரத்தில் தானே பெரிதாக்கி, நேப்பிள்ஸ் இத்தாலியப் பாட்டுக்களையும் கலந்து, ஹேமார்க்கெட்டில் நடத்தினார். அவர் வாழ்நாளில் அவருடைய நாடகப் படைப்புக்களில் அதிகம் நடந்தது இதுதான். 1788-ல் மோசார்ட் புது வாத்தியங்கள் சேர்த்து எழுதினார். பெரிய குழுக்கள் பாடும்போது அரக்கன் தன் பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அதில் எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது. ஐந்து பேரோடு கேட்டவர்களுக்கு அந்தக் குறை புரியும்.

“கல்லெறிஞ்ச பிறகு அவன் எங்க போனவன்?” என்று கேட்டா அம்மம்மா. ஆப்பராவில் அதற்குப் பதில் இல்லை. சில வருடம் கழித்து, நூலகத்தில் ஓவிட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்தபோதுதான் அவவுக்கு மிச்சக் கதையைச் சொல்ல முடிந்தது. உன் ஒற்றைக் கண்ணை யுலிசிஸ் என்பவன் பறிப்பான் என்று ஒரு சோதிடன் அரக்கனிடம் சொல்லியிருக்கிறான். அரக்கன் சிரித்து, அதை ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாளே என்றானாம். அம்மம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னா. காதல் கொண்ட காலத்தில் அவன் வைக்கோல் வாரியால் தலை வாரியதையும், அரிவாளால் தாடி வெட்டியதையும், தண்ணீரில் முகம் பார்த்துத் தன் பெரிய உடம்பில் தானே திருப்திப்பட்டதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தா, வாய்விட்டு.

நிகழ்ச்சி சனிக்கிழமை நடந்தது. திங்கள் காலை தபால்காரர் வரும்போது அம்மம்மா ஜன்னலில் இல்லை, கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்றா. கையில் தட்டு, தட்டில் சுடச்சுட வாய்ப்பன். என்னைப் பள்ளிக்குப் போகவிடாமல் பக்கத்தில் நிறுத்தியிருந்தா, மொழிபெயர்க்க.

“கேள் பிள்ளை. அந்தச் சின்னக் குழல் மேலால நிண்டு கத்தேக்க அவருக்கு எரிச்சல் வாறதில்லையோ எண்டு கேள்.”

கேட்டேன். அவர் பையைச் சுவரோடு சாய்த்துவிட்டு யோசித்தார். முதலில் எரிச்சல்தான் வந்தது என்றார். தன்னைக் கேலி செய்வதாகவே பட்டதாம். பிறகு ஒரு ஒத்திகையில் ஆசிரியைக்குச் சளி பிடித்து, குழல் இல்லாமல் பாடவேண்டி வந்திருக்கிறது. பாதியில் நின்றுவிட்டாராம். வெறும் கத்தலாக இருந்தது, யாரோடு பேசுகிறேன் என்றே தெரியவில்லை என்றார். “இப்போதெல்லாம் நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் பாடுகிறேன். அது பாடி முடிக்கும்வரை நான் நகர்வதில்லை.”

நான் தமிழில் சொன்னேன். அம்மம்மா என்னைப் பார்த்து, “நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ?” என்று கேட்டுவிட்டு, தட்டை அவரிடம் நீட்டினா. அவர் ஒன்றை எடுத்தார். இன்னும் இரண்டை அவ ஒரு பேப்பரில் சுற்றி அவர் பையின் பக்கத்துப் பொக்கற்றில் வைத்துவிட்டா.